ஸ்லோ ஸ்க்ரூவில் கை வைக்காதீங்க

நம்ம ஹாஸ்டல் பார்க்கிங்கை ஒரு தடவை எட்டிப் பாருங்க. பல்சர், ஆர்.ஒன்.ஃபைவ், யாரோ ஒருத்தரோட எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். இதுக்கு நடுவில் எப்படியும் ஒரு ஆர்.எக்ஸ். 100 நிற்கும். 1985-இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோடு சேர்ந்து இந்தியாவில் இறக்கிய வண்டி, 1996-இல் நின்றுபோனது. அதாவது, இது ஷோரூமில் இருந்த காலத்தில் நம்மில் யாருமே பிறக்கவில்லை. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், 11 குதிரைசக்தி. இன்றைக்கு இந்த நம்பரைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வண்டியின் எடையும் நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான். அந்தத் திமிர் அங்கே இருந்துதான் வருகிறது.

இந்த வண்டிக்கு "ஃபுல் இன்ஜின் வேலை" பார்த்து எடுத்து வந்த மறுநாள் எல்லாரும் சொல்வது ஒரே டயலாக்: "மச்சான், எல்லாம் சூப்பர், ஸ்லோ மட்டும் நிக்க மாட்டேங்குது." அதுக்கு எல்லாரும் செய்யும் வைத்தியமும் ஒன்றுதான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கார்புரேட்டரில் இருக்கும் ஸ்லோ ஸ்க்ரூவை ரெண்டு சுற்று உள்ளே விடுவது. வண்டி ஆஃப் ஆகாமல் கத்திக்கொண்டு நிற்கும். வேலை முடிந்தது, டீ குடிக்கப் போகலாம்.

அந்த ரெண்டு சுற்று ரிப்பேரே இல்லை, மூடி மறைக்கிற வேலை என்பது என் கட்சி. அதுவும் டூ ஸ்ட்ரோக் வண்டியில் அது ஓட்டுகிறவன் உயிரோடு விளையாடுகிற வேலை. ஏன்னு சொல்றேன்.

அந்த ஸ்க்ரூ செய்வது என்ன? கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் உருளையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். நீங்க ஆக்சிலேட்டரை ஒரு நூல் முறுக்கிப் பிடித்தாலும் இதேதான் நடக்கும். ஸ்லோ நிற்காத வண்டியில் ஸ்க்ரூவை ஏற்றுவதும், சிக்னலில் ஒரு கையால் முறுக்கிக்கொண்டே நிற்பதும் ஒன்றுதான். காரணம் அப்படியே உள்ளே இருக்கும். உங்க காதுக்கு மட்டும் கேட்காது.

அதுக்காக எந்தத் துடிப்பைக் கேட்டாலும் பதறவும் வேண்டாம். இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்கணும். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஸ்லோவில் ஒரே தாளத்தில் அடிக்காது, அடிக்கவும் கூடாது. ஆர்.எக்ஸ். 100 நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்றில் நிற்கும் வண்டி. நொடிக்கு இருபது சுற்றுக்கு மேல். ஆனால் அந்த நேரத்தில் உருளை கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கும், உள்ளே போகும் புதுக் கலவை ரொம்பக் கம்மி. சிலிண்டரில் போன சுற்றின் எரிந்த புகைதான் பாதிக்கு மேல் மிச்சம் கிடக்கும். அதனால் சில சுற்று தீப்பிடிக்காது, ரெண்டு மூணு சுற்றுக்குக் கலவை சேர்ந்த பிறகு ஒன்று டப்புனு பிடிக்கும். நமக்கெல்லாம் பிடித்த அந்த "டிங்... டிங்-டிங்... டிங்" சத்தம் இப்படி வருவதுதான். அது நோய் இல்லை, அந்த இன்ஜினோட சுபாவம்.

அமெரிக்காவில் ஹாட் ராட் கட்டுபவர்களுக்கு இந்தக் குழப்பம் வேற விதம். பழைய ஃபோர்டு காரைப் பிரித்து, வி-8 இன்ஜினுக்குப் பெரிய கேம் போடுவார்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டு வால்வும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் நேரம் அந்தக் கேமில் அதிகம். அதனால் ஸ்லோவில் வண்டியே குலுங்கும். அங்கே அந்தக் குலுக்கல் ஒரு கெத்து, காசு கொடுத்து வாங்கியது. நம்ம பசங்களும் அந்த வீடியோக்களைப் பார்த்துட்டு, "ஏத்தி வச்ச வண்டின்னா ஸ்லோ அப்படித்தான் மச்சி இருக்கும்" என்கிறார்கள். போர்ட்டை ராவிப் பெரிதாக்கி, பெரிய கார்புரேட்டர் மாட்டிய வண்டிக்கு அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும். கம்பெனி அளவிலேயே பிஸ்டன், ரிங், சீல் மாற்றிய வண்டிக்குப் பொருந்தவே பொருந்தாது. போர் அடித்து ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டால் முதல் சில நூறு கிலோமீட்டர் டைட்டாக இருக்கும், ஸ்லோவில் சட்டென்று ஆஃப் ஆகலாம். சரி, அதை ஒத்துக்கலாம். ஆனால் டைட்டான இன்ஜின் தானாக ரேஸ் ஆகாது.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்க. தானாக ரேஸ் ஆவது.

வண்டியை ஸ்டார்ட் பண்ணி, கையை எடுத்துட்டு ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க. சத்தம் மெல்ல ஏறி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, மறுபடி இறங்கி, ஆஃப் ஆகப்போகிற மாதிரி போய், திரும்ப ஏறுகிறதா? ஒரு முறுக்கு முறுக்கி விட்டால் சத்தம் உடனே இறங்காமல் மேலேயே தொங்குகிறதா? அப்படியென்றால் கார்புரேட்டர் வழியாக இல்லாமல் வேற எங்கிருந்தோ இன்ஜின் காற்று வாங்குகிறது. பிளக் கோளாறு என்றால் துடிப்பு விடும், இறங்கும், ஆஃப் ஆகும். யாரும் முறுக்காமல் ஏறாது. பெட்ரோல் சொட்டுகிற பைலட் ஜெட் அடைத்திருந்தாலும் கலவை இதே மாதிரி வறண்டு, சத்தம் தொங்கும். அதனால் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. ஜெட் சுத்தமாக இருந்தும் தொங்கினால் சந்தேகம் முழுக்கக் காற்றுக் கசிவு மேல்தான்.

டூ ஸ்ட்ரோக்கில் இது ஏன் பெரிய விஷயம்? ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் இருக்கும் அறை வெறும் ஆயில் அறை. டூ ஸ்ட்ரோக்கில் அதுதான் பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறை கலவையை உறிஞ்சும், கீழே வரும்போது அமுக்கி மேலே தள்ளும். அந்த அறைக்கு ரெண்டு பக்கமும் கிராங்க் வெளியே வரும் இடத்தில் ஆளுக்கு ஒரு ரப்பர் ஆயில் சீல். வலது பக்கம் கிளட்ச். அந்தச் சீல் போனால் இன்ஜின் கியர் ஆயிலைக் குடிக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், ஊருக்கே தெரிந்துவிடும். இடது பக்கம் மேக்னட். அந்தச் சீல் போனால் புகையும் வராது, ஒழுகவும் ஒழுகாது. வெறும் காற்று உள்ளே போகும். ஸ்லோ நிற்காது என்பது ஒன்றுதான் அது நமக்குக் கொடுக்கும் தகவல். அந்த ஒரே தகவலையும் நாம் ஸ்க்ரூவைத் திருகி அழித்துவிடுகிறோம்.

ஸ்பீடில் போகும்போது இந்தக் கசிவு தெரியாது. கார்புரேட்டர் வழியாகவே அவ்வளவு காற்று வரும்போது, சீல் வழியாக வரும் கொஞ்சம் பெரிதாகத் தெரியாது. "ஓட்டுறதுல ஒரு குறையும் இல்ல, ஸ்லோ மட்டும்தான்" என்று சொல்வது அதனால்தான். ஆனால் பாம்பன் ரோட்டுப் பாலத்தை நினைச்சுப் பாருங்க. ராமநாதபுரத்தில் இருந்து விரட்டிக்கொண்டு வருகிறீர்கள், இன்ஜின் கொதிக்கிறது. பாலத்தின் உச்சியில் ஏறி, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக விட்டு உருட்டுகிறீர்கள். கியரில் இருப்பதால் இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கார்புரேட்டர் மூடியிருப்பதால் பெட்ரோல் இல்லை. ஆர்.எக்ஸ். 100-இல் ஆயில் பம்பும் ஆக்சிலேட்டர் கேபிளோடுதான் கட்டியிருக்கும், அதனால் ஆயிலும் குறைவு. உள்ளே போகிற கொஞ்ச நஞ்சக் கலவையையும் சீல் வழியாக வரும் காற்று வறட்டிவிடும். பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரில் ஜாம் ஆவது இந்த மாதிரி நேரத்தில்தான். பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் பஸ், கீழே கடல். கிளட்ச்சைப் பிடிக்க அரை நொடிகூடக் கிடைக்காது.

இதைப் பாடப்புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. எங்க ஊர் ஆர்.எஸ்.மங்கலம். சித்தப்பாவிடம் ஒரு ஆர்.எக்ஸ். 100 உண்டு, முண்டு மிளகாய் சாம்பிள் பையை டேங்க் மேல் வைத்துக்கொண்டு மார்க்கெட் மார்க்கெட்டாகச் சுற்றிய வண்டி. (2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த அதே ராமநாதபுரம் முண்டு மிளகாய்தான், பெருமைக்குச் சொல்லிக்கிறேன்.) போன வருஷம் வெளியூரில் ஒரு கடையில் இன்ஜின் வேலை பார்த்து வந்தது. போர், பிஸ்டன், கிராங்க், சீல் எல்லாம் புதுசு. வந்த நாளிலிருந்து ஸ்லோ ஏறி இறங்கியது. கடைக்காரர் ஸ்க்ரூவை ஏற்றிக் கொடுத்தார். மறுபடி கொண்டு போனபோது கார்புரேட்டர் போச்சு, புதுசு போடணும் என்றார். புது கார்புரேட்டரிலும் அதே கதை. அப்புறம் காயில், சி.டி.ஐ. யூனிட்.

எங்க ஊர்க் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்பார்கள். ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு நாரை ஒரே மூச்சில் பறக்க முடியாதாம், அவ்வளவு பெரிசு. தண்ணி குறைகிறது என்றால் எங்க ஊரில் யாரும் நாற்பத்தெட்டு மடையையும் இடித்துப் புதுசாகக் கட்ட மாட்டார்கள். கரையோரமாக நடந்து எந்த மடையில் கசிகிறது என்று பார்ப்பார்கள். சித்தப்பாவே ஒரு நாள் வெறுத்துப்போய், "டேய், மெக்கானிக்கலு படிக்கிறேன்னு சொல்ற, அங்கிட்டும் இங்கிட்டும் மாத்தியே காசு போகுது. எங்க ஓட்டைன்னு மொத பாருங்கடா" என்றார். சரியான பேச்சு.

பார்ப்பது எப்படி என்பதில்தான் சுவாரசியம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினை ஓட்டாமலே சோதிக்கலாம். கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றினோம். சைலன்சர் மாட்டும் இடத்தில் சைக்கிள் டியூப் ரப்பரை வைத்து மேலே ஒரு தகட்டை முடுக்கினோம். கார்புரேட்டர் ரப்பருக்குள் ஒரு அடைப்பான், அதில் ஒரு துளை போட்டு ஒரு டியூப். ஆயில் பம்பிலிருந்து வரும் சின்னக் குழாயையும் அடைத்தாச்சு. பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக்கை மாட்டியே வைத்தோம். இனி உள்ளே காற்று அடிக்கணும், அழுத்தம் பார்க்கணும். அதுக்கு வீட்டிலேயே கருவி இருந்தது: அப்பத்தாவுக்கு பி.பி. பார்க்கும் மீட்டர்! பந்தை அமுக்கினால் காற்று, முள்ளைப் பார்த்தால் அழுத்தம். 300 வரை காட்டும், அது ஆறு பி.எஸ்.ஐ.க்குப் பக்கம். இந்தச் சோதனைக்கு அவ்வளவுதான் தேவை. பஞ்சர் கடைக் காற்றை நேராக விட்டுவிடாதீங்க, சீல் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

250 வரை ஏற்றினோம். நல்ல இன்ஜின் என்றால் முள் சில நிமிஷமாவது அங்கேயே கிட்டத்தட்ட நிற்கணும். இது கண் முன்னாலேயே இறங்கி ஒரு நிமிஷத்துக்குள் பூஜ்யம். சோப்புத் தண்ணியை ஹெட் பேக்கிங் சுற்றித் தடவினோம், ஒன்றுமில்லை. சிலிண்டருக்கு அடியில், ஒன்றுமில்லை. ரீட் வால்வு பேக்கிங்கிலும் இல்லை. இடது கவரைக் கழற்றி மேக்னட்டுக்குப் பின்னால் சோப்புத் தண்ணி விட்டதும் குழந்தை ஊதுகிற மாதிரி குமிழ் குமிழாக வந்தது. புது சீல்தான். ஆனால் கிராங்கில் சாவி உட்காரும் பள்ளத்தின் விளிம்பில் உரசி, உள் உதடு ஒரு இடத்தில் வெட்டுப்பட்டு மடிந்திருந்தது. கிரீஸ் தடவாமல், அந்தப் பள்ளத்துக்கு மேல் ஒரு டேப் சுற்றாமல் தள்ளினால் அப்படித்தான் ஆகும். சீல் விலை ஒரு பரோட்டா செட்டு விலை. அதுக்கு முன்னாடி மாற்றிய கார்புரேட்டரையும் காயிலையும் விலை பேசி என்ன பண்ண?

சீல் மாற்றிய பிறகு முள் நின்றது. அதுக்கு அப்புறம்தான் ஸ்லோ ஸ்க்ரூவைத் தொட்டோம், வெளியேதான் திருகினோம். அடுத்து ஏர் ஸ்க்ரூ. மெதுவாக முழுசும் உள்ளே விட்டு, அங்கிருந்து வெளியே திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் சத்தம் நல்லா ஏறி நிற்கும். அந்த இடம் ஒன்றிலிருந்து ரெண்டு சுற்றுக்குள் வந்தால் சந்தோஷம். முக்கால்வாசி மூடினால்தான் நிற்கிறது என்றால் பெட்ரோல் பத்தவில்லை அல்லது காற்று இன்னும் கசிகிறது. மூணு சுற்று வெளியே வந்தால் பெட்ரோல் அதிகம். இந்த ஸ்க்ரூ சரி பண்ணுகிற ஸ்க்ரூ மட்டும் இல்லை, அளந்து சொல்கிற ஸ்க்ரூவும்கூட. ஆனால் காற்று அடைபட்ட பிறகுதான் அது உண்மை பேசும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரீட் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிங்க, இதழ் ஒட்டி உட்காரவில்லை என்றால் கார்புரேட்டர் பின்பக்கம் பெட்ரோலைத் துப்பும். பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டர் பக்கம் இருக்கட்டும். கடல் காற்று அடிக்கும் ஊர்க்காரங்க கனெக்டரைக் கழற்றிப் பாருங்க, செம்பு பச்சையாகப் பூத்திருக்கும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வண்டிகளில் எர்த் வயர்தான் முதலில் போகும்.

பெட்ரோலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசணும். 2025-இல் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டாச்சு. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதம் கலந்தால் கணக்கு பதிமூன்றரைக்கு இறங்கும். இன்றைய வண்டியில் சென்சார் பார்த்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். 1990-இன் கார்புரேட்டருக்கு அந்தக் கண் கிடையாது, அதே ஜெட்டில் அதே அளவுதான் விடும். அதாவது கம்பெனி செட்டிங்கிலேயே இப்போது எல்லா ஆர்.எக்ஸ். 100-ம் ஏழெட்டு சதவீதம் வறண்ட கலவையில்தான் ஓடுகிறது. அதற்கு மேல் ஒரு சீல் கசிவையும் சேர்த்தால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்க. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். லீவுக்கு ரெண்டு மாதம் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி பண்ணிட்டுப் போங்க.

இதையெல்லாம் மெக்கானிக் அண்ணன்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. அவர்களில் சத்தத்தைக் கேட்டே "தம்பி, இது சீலு" என்று சொல்கிற காதுக்காரர்கள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் காதுக்கு நாம் காசு கொடுப்பதில்லையே! புது கார்புரேட்டருக்கு மறுபேச்சில்லாமல் கொடுப்போம், "ரெண்டு மணி நேரம் செக் பண்ணேன், முந்நூறு கொடு தம்பி" என்றால் "எதுவும் மாத்தவே இல்லையேண்ணே" என்று இழுப்போம். கண்டுபிடிக்கிற நேரத்துக்குக் கூலி இல்லாத ஊரில் பொருள்தான் மாறும். இன்ஜின் வேலைக்கு வண்டியை விடும்போதே கேளுங்க: "அண்ணே, மூடுறதுக்கு முன்னாடி காத்து அடிச்சுப் பார்த்துக் கொடுங்க, அதுக்குத் தனியா கொடுத்துடறேன்." சிரித்தாலும் பரவாயில்லை.

நம்ம காலேஜுக்கும் ஒன்று சொல்லணும். தெர்மல் லேபில் நமக்கு வெட்டி வைத்த ஒரு டூ ஸ்ட்ரோக் இன்ஜினைக் கொடுத்து போர்ட் டைமிங் டயகிராம் போடச் சொல்கிறார்கள். ஃப்ளைவீலில் நூலைச் சுற்றி, டிகிரி கண்டுபிடித்து, வட்டம் வரைந்து, கையெழுத்து வாங்கி வருகிறோம். எனக்கு அதில் ஃபுல் மார்க். போர்ட் எந்த டிகிரியில் திறக்கிறது என்று தெரியும், ஏன் ஸ்லோ நிற்கவில்லை என்று அந்த லேபில் இதுவரை யாரும் கேட்டதில்லை. வெட்டி வைத்த இன்ஜினுக்கு நோயே வராதே. என் கோரிக்கை சின்னது: ஓடுகிற இன்ஜின் ஒன்றை வாங்கி, அதில் வேண்டுமென்றே ஒரு கோளாறை வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கொடுங்க. எந்தப் பொருளையும் மாற்றக்கூடாது. எதை முதலில் பார்த்தாய், ஏன், பார்த்ததில் எது இல்லை என்று தெரிந்தது, இதை எழுதினால் மார்க். தப்பான விடைக்கு வந்தாலும் சரியான வரிசையில் போனவனுக்குப் பாதி கொடுங்க. மோர்ஸ் டெஸ்ட் ரீடிங்கைப் போன வருஷ ரெக்கார்டில் இருந்து காப்பி அடிக்கலாம், இதைக் காப்பி அடிக்க முடியாது. அடுத்த வருஷக் கோளாறு வேற.

அது வரும்வரை, ஹாஸ்டல் ஆர்.எக்ஸ். ஆட்களுக்கு: பி.பி. மீட்டர் (அப்பத்தாவுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்தாச்சு), அடைப்பான், ரப்பர், தகடு எல்லாம் என் ரூமில் ஒரு பையில் இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை வொர்க்‌ஷாப் பின்பக்கம் கொண்டு வாங்க. வரும் முன் ஒரு வேலை: ஸ்லோ ஸ்க்ரூ இப்போ எத்தனை சுற்று உள்ளே இருக்குன்னு எண்ணி, ஒரு பேப்பரில் எழுதி எடுத்துட்டு வாங்க.